மூக்கு முனையில் காற்றுக்குச் சாப்பாட்டு நேரம்

எங்கள் கடற்கரைப் பாதையின் தொடக்கத்தில் 'அனுபவம் உள்ளவர்கள் மட்டும்' என்று ஒரு பலகை இருந்தது. அந்தப் பலகை ஒழிந்தால்தான் என் மகள் இந்த ஊரில் பிழைக்க முடியும் என்று ஆகிப்போனது.

பாதை முடிகிற இடத்தில் மகளும் மாப்பிள்ளையும் டீக்கடை வைத்திருந்தார்கள். அனுபவம் உள்ளவர்கள் வரத்தான் செய்தார்கள். வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அடுப்பு, பிளாஸ்க், டீத்தூள், மடக்கு நாற்காலி எல்லாம் அவர்களிடமே இருந்தது. "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்கு வேண்டியது அனுபவமே இல்லாதவர்கள். அதாவது குழந்தைகள். பிஸ்கட் வேண்டும் என்று தரையில் விழுந்து புரளத் தெரிந்தவர்கள். 'குடும்பத்தோடு நடக்கலாம்' என்று பலகை மாறினால் அவர்கள் வருவார்கள். மாறாவிட்டால் கடையை மூடிவிட்டு, மாப்பிள்ளையின் அண்ணன் இருக்கும் நகரத்துக்குக் குடி போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. பேத்தியும் போய்விடுவாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பேத்தியை நாங்கள் மூட்டை என்று கூப்பிடுவோம். நடக்கப் பழகிய அன்றே அவளுக்கு நடை சலித்துவிட்டது. நின்ற இடத்தில் இரண்டு கையையும் உயர்த்துவாள். பக்கத்தில் இருப்பவர் தூக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை கடைத்தெருவில் முன்பின் தெரியாத தபால்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு, பாதித் தெருவுக்குத் தபால் கொடுத்துவிட்டுத்தான் இறக்கிவிட்டார்.

பலகை மாற்றுவதற்குப் பாதை அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. குழந்தையும் கிழமும் உள்ள ஒரு குடும்பம், அதிகாரியின் கண்ணெதிரே முழுப் பாதையும் நடந்து காட்ட வேண்டும். வழியில் அந்தக் குடும்பத்தில் யாரையும் யாரும் தூக்கக் கூடாது. தூக்கிவிட்டால் பழைய பலகையே நிற்கும். கிழத்துக்கு நான் இருந்தேன். குழந்தைக்கு மூட்டை இருந்தாள். சிக்கல் அங்கேதான்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். நீளக் கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரத்தைத் தரையில் உருட்டித் தூரம் அளந்துகொண்டே வந்தார். சிரிப்பை அலுவலகத்தில் பூட்டி வைத்துவிட்டு வந்த முகம். என் மனைவி அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை.

"காலையில சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு."

"பொய்யி. முகத்துலயே தெரியுது. இந்தா, ரெண்டு வாழைப்பழம். வேணாம்னு சொல்லாத. நீயும் நம்ம வீட்டுப் பொண்ணுதான்."

மனைவிக்கு இது ஒரு வியாதி. குழாய் சரிசெய்ய வந்தவர், வழி கேட்டு நின்றவர், எல்லோரையும் வீட்டில் சேர்த்துவிடுவாள். எங்கள் வீட்டுக்குத் திருட வந்த ஒருவர்கூட அப்படி நம்ம வீட்டுப் பிள்ளை ஆனவர்தான். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்றைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். கதவைத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

நடக்கத் தொடங்கினோம். மூட்டையைத் தூக்குகிற பழக்கம் கையிலேயே ஊறிப்போயிருந்ததால், ஆளாளுக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். பார்க்கிறவர்களுக்கு, போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற குடும்பம் போலத் தெரிந்திருக்கும்.

முதல் வளைவிலேயே மூட்டை நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"தூக்கு."

"கடை வந்ததும் தூக்கறேன்," என்றாள் மகள்.

"கடை எப்போ வரும்?"

"நீ நடந்தா வரும்."

"நான் நின்னா?"

"அதுவும் நின்னுடும்."

மூட்டை இதை யோசித்துப் பார்த்தாள். பிறகு நடந்தாள். மாப்பிள்ளை தன் கையாலேயே இறுக்கி வைத்த கம்பி வேலியை ஒவ்வொரு இடத்திலும் ஆட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். அதிகாரி தலையாட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பாதி வழியில் மூக்கு வரும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறை முனைக்கு எங்கள் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. அங்கே காற்று கடலிலிருந்து வருவதில்லை. பின்னால் உள்ள மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகிறது. கொஞ்சம் அழுத்தமான காற்று. அதனால் அங்கே பெஞ்சு போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே காற்றில் சாய்ந்துவிடுவோம். என் மனைவி அதில் சாய்ந்தபடியே மூட்டைக்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறாள்.

அந்தக் காற்று மதியம் சாப்பாட்டுக்குப் போகும். சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஆனால் அதற்குச் சற்று முன்னால் எங்களுக்குக் காது மடல் சூடாகும், நிமிர்ந்துவிடுவோம். பிறந்ததிலிருந்து பழகிய விஷயம், யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. வெளியூர்க்காரரான மாப்பிள்ளை கல்யாணமான வாரமே கற்றுக்கொண்டார். பின்மண்டையில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

அன்றும் வரிசையாகச் சாய்ந்தோம். அதிகாரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"விழுந்துட மாட்டீங்களா?"

"சாஞ்சு பாரும்மா," என்றாள் மனைவி. "முதுகு வலியெல்லாம் பறந்துடும்."

அவர் முதலில் ஒரு தோளைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு முதுகைக் கொடுத்தார். பிறகு கண்ணையும் மூடிக்கொண்டார். அலுவலகத்தில் பூட்டி வைத்த சிரிப்பு எப்படியோ தப்பித்து இங்கே வந்துவிட்டது.

எங்களுக்குக் காது சூடானது. நிமிர்ந்தோம். அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்ம வீட்டுப் பெண்ணுக்குப் போய் யாராவது இதைச் சொல்வார்களா?

காற்று சாப்பிடப் போனது.

புல்தரை என்பதால் அவருக்கு மண்டை தப்பியது. கணுக்கால் தப்பவில்லை, சக்கரத்தின் கைப்பிடியில் மாட்டி முறுக்கிக்கொண்டது.

"அத்தை, தள்ளுங்க, நான் தூக்கிக்கறேன்," என்று மாப்பிள்ளை குனிந்தார்.

"தூக்காதீங்க!" என்று மகள் கத்தினாள்.

அதிகாரி புல்லில் கிடந்தபடியே அலுவலகக் குரலில் சொன்னார். "தூக்கலாம். விதி குடும்பத்துல இருக்கறவங்களுக்குத்தான். நான் வெளி ஆள்."

எங்களுக்கு மூச்சு வந்தது. என் மனைவிக்குக் கோபம் வந்தது.

"யாரு வெளி ஆள்?"

"அம்மா, சும்மா இரு!"

"காலையிலதான நம்ம வீட்டுப் பொண்ணுன்னு சொன்னேன்? நாம சொல்லாம விட்டு அடி பட்டிருக்கு. பட்டதும் வெளி ஆளா?"

"கடை வரைக்கும்தாம்மா வெளி ஆள். கடைக்கு வந்ததும் மறுபடியும் நம்ம வீட்டுப் பொண்ணு. உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"எனக்குச் சேர்க்கத்தான் தெரியும், கழிக்கத் தெரியாதுடி."

"அப்போ நாங்க ஊரை விட்டுப் போறது உனக்குப் பரவாயில்லையா?"

மனைவி திரும்பினாள். மூட்டையைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளை. இந்த மாதிரி நேரங்களில் கடலைப் பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். கடல் இருந்தது.

கடைசியில் மனைவி அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீயே சொல்லும்மா. நீ என்ன சொன்னாலும் சரி."

அதிகாரி கணுக்காலைத் தடவிக்கொண்டார்.

"வாழைப்பழம் ரெண்டையும் சாப்பிட்டுட்டேன்," என்றார். "இனிமே வெளி ஆள்னு எப்படிச் சொல்றது?"

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அதனால," என்றார் அதிகாரி, "என்னை யாரும் தூக்கக் கூடாது. நடக்கறேன்."

எழுந்து ஒரு காலில் நின்றார். அடுத்த அடிக்கு யோசித்தார். மூட்டை போய் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்தாதான் கடை வரும்," என்று கண்டிப்பாகச் சொன்னாள். "நீ நின்னா அதுவும் நின்னுடும்."

தோள் கொடுப்பது தூக்குவதில் சேராது என்று அதிகாரியே சொல்லிவிட்டார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மகள், முன்னால் மூட்டை. சக்கரத்தை நான் உருட்டினேன். மூக்கைத் தாண்டினால் பாதை கடலைப் பார்த்து இறங்கும். பாதி இறக்கத்தில் காற்று சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது.

"அம்மா, இவங்க கால் தரையில படுதா?" என்று மகள் பயத்தோடு கேட்டாள்.

"அப்பப்போ படுது."

"காத்து தூக்கினா அதுக்கு விதி எதுவும் இல்லை," என்றார் அதிகாரி, நேராகப் பார்த்துக்கொண்டு.

கடை வந்ததும் மூட்டை நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள். மாப்பிள்ளை ஓடி வந்து தூக்கிக்கொண்டார். அதிகாரி சக்கரத்தை என்னிடமிருந்து வாங்கி, தூரத்தைப் பார்த்தார். பாதை முடிந்ததை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். பிறகு அவரும் இரண்டு கையையும் உயர்த்தினார்.

மகளும் மனைவியும் கைகளைக் கோத்து நாற்காலி போட்டு அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

பலகை மாறிவிட்டது. இப்போது கடையில் பிஸ்கட் நிற்பதே இல்லை. சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள். 'குடும்பத்தோடு நடக்கலாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 'மூக்கில் சாய்ந்திருப்போர் காது சூடானதும் எழுந்துவிடவும். பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லவும்.'