முதலில் ஹெட்செட்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பிராசசரில் தொடங்குவார்கள். நான் ஹெட்செட்டில் தொடங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேமிங் கம்ப்யூட்டர்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. முதல்ல நல்ல மைக் வச்ச ஹெட்செட் காட்டுங்க. அது போக மிச்சக் காசுல மத்ததெல்லாம் பாத்துக்கலாம்."

"தலைகீழா வர்றீங்களேம்மா."

"என் காசு. நான் எப்படி வேணா வருவேன்."

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஆனால் அன்றைக்கு இருந்த எரிச்சலுக்குக் காரணம் அந்த மனுஷன் இல்லை. என் அண்ணன்.

எதிரில் உட்கார வைத்துக் கேட்டால் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. ஒரு விளையாட்டைக் கையில் கொடுத்து, கண்ணைத் திரையில் கட்டிப்போட்டால் போதும், தானாகக் கொட்டுவான். கணக்கில் பெயிலானதை அப்படித்தான் சொன்னான். கூடப் படித்த பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றதும், அவள் முடியாது என்று சொன்னதும், திரையில் சுவருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு எதிரியைச் சுட்டபடி சொன்னவைதான். நானும் அவன் பக்கம் திரும்ப மாட்டேன். திரும்பினால் வாயை மூடிக்கொள்வான்.

வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஆடினோம். அப்புறம் என் பழைய லேப்டாப் மண்டையைப் போட்டது. அதோடு அண்ணனும் ஊமையாகிவிட்டான். போன் செய்தால் "ம்", "சாப்டேன்", "வைக்கட்டுமா", அவ்வளவுதான். வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மா தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. உடம்புக்கு ஏதாவதா? ஏதாவது ஏடாகூடமாகச் செய்துகொள்வானோ? படுத்தால் கண்ட கண்ட நினைப்பு வந்தது. அவனைப் பேச வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்த விளையாட்டு ஓடுகிற அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அவன் மூச்சு விட்டால்கூடக் கேட்கிற ஹெட்செட் வேண்டும்.

என் உதவித்தொகையில் மிச்சம் பிடித்ததும் அம்மா கொடுத்ததும்தான் பட்ஜெட். கல்லூரி மாணவியின் பட்ஜெட் என்றால் இழுத்துப் போர்த்தினால் கால் தெரியும்.

கடைக்காரர் கண்ணாடிக் கதவும் கலர் கலர் விளக்குமாக ஒரு கேபினெட்டைக் காட்டினார். "பசங்க எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க."

"விளக்கு எங்க வீட்டுலயே இருக்கு. வெறும் தகரப் பெட்டி இருந்தா காட்டுங்க."

கிராபிக்ஸ் கார்டு யாரோ பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக் கொடுத்ததே போதும் என்றேன். ரேம் இப்போது ஒன்று, இன்னொன்று அப்புறம். பிராசசர் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று, கார்டு இல்லாமல் தானே திரையில் படம் காட்டும். இன்னொன்று காட்டாது, அதனால் விலை குறைவு. படம் காட்டத்தான் தனியாகக் கார்டு வாங்குகிறேனே, ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு பேர் என்று குறைந்த விலையையே எடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மாட்டித் தரவா என்று கேட்டார். அதற்குத் தனிக் கூலியாம்.

"நானே மாட்டிக்குவேன். வீடியோ பாத்திருக்கேன்."

மறுநாள் சாப்பாட்டு மேசை மேல் கடை பரப்பினேன். "ராத்திரி ஆடலாம், வா" என்று அண்ணனுக்கு முன்கூட்டியே செய்தியும் அனுப்பிவிட்டேன். அம்மா ஸ்குரூக்களைக் கிண்ணத்தில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றியது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். அப்போதும் கறுப்பு. 

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"செத்துப்போன பொருளை என் தலையில கட்டிட்டீங்களா? படிக்கிற புள்ளைன்னா அவ்வளவு இளக்காரமா?"

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது. கூடவே எனக்குத் தலையும் சுத்துது!"

"மானிட்டர் கேபிளை எங்க சொருகியிருக்கீங்க?"

"பின்னாடி, மேல."

"அது மதர்போர்டும்மா, பிராசசர் உக்கார்ற பலகை. படம் காட்டாத பிராசசரைத்தானே கேட்டு வாங்கினீங்க? அங்க சொருகினா எப்படி வரும்? கீழ கார்டுல ஒரு இடம் இருக்கும் பாருங்க."

பார்த்தேன். இருந்தது. கேபிளைப் பிடுங்கி அதில் மாட்டினேன். திரையில் வெளிச்சம் வந்தது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அம்மா கிண்ணத்தோடு எழுந்தே விட்டாள்.

"வந்துருச்சா?" என்றார் போனில்.

"வந்துருச்சு." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "கொஞ்சம் ஓவரா பேசிட்டேங்க."

"பரவால்லம்மா. போன வாரம் இதே மாதிரி ஒருத்தர் அழுதே விட்டாரு."

ராத்திரி சாப்பிட்டு முடித்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "வாண்டு, கேக்குதா?" என்றான் அண்ணன். பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவு. நான் எதுவும் கேட்கவில்லை. ஓடினோம், பதுங்கினோம், சுட்டோம். முதல் ஆட்டம் முடிந்தது. இரண்டாவதில் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் ஒளிந்திருந்தபோது அவன் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது.

"வாண்டு."

"ம்."

"எனக்கு வேலை போயிருச்சு. ஆள் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தன். ரொம்ப நாளாச்சு. ரூமை விட்டே வெளிய போறதில்ல. அம்மாகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"வேலை மட்டும்தானே போச்சு? உடம்பு நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"வேற எதுவும் இல்லையே? சத்தியமா?"

"இல்லடி."

"எருமை! இவ்வளவுதானா? நான் என்னென்னவோ நினைச்சுப் பயந்து செத்துட்டேன்டா அண்ணா!"

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் ஒரேயடியாக இறங்கியதில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் எவனோ வந்து என்னைச் சுட்டான்.

"லூசு, நிஜமாவே செத்துட்ட," என்று அண்ணன் சிரித்தான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

அடுக்களையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். "என்னடி அழுவுற? மறுபடியும் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. உன் புள்ள பேசுறான். நீயே கேளு."

ஹெட்செட்டைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன். அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அம்மா ஈரக் கையோடு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, இத்தனை தொலைவுக்குக் கேட்க வேண்டுமே என்று நினைத்தாளோ என்னவோ, வீடே அதிரும்படி கத்தினாள்.

"வேலை போனா என்னடா? நீ இருக்கல்ல? கிளம்பி வீட்டுக்கு வா!"