நோ மெ குஸ்தா

மூன்றாவது கரண்டிப் பாலும் மார்கிரட்டின் கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. இக்னேசியஸ் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு நான்காவது கரண்டியை எடுத்தார். விடாப்பிடியான மனுசன்.

“போதும் அண்ணே, புரையேறிடப் போவுது,” என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டு மீனம்மா.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் முந்தாநாள் டாக்டர் கையை விரித்துவிட்டார். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குப் புடிச்சதக் குடுங்க,” என்றார். நேற்று கோயில் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலத்தைப் பூசிவிட்டுப் போனார். இனி இக்னேசியசுக்கு மிச்சமிருந்தது டாக்டர் சொன்ன அந்த ஒரு வேலைதான். தேயிலை பக்டரியில் முப்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றிருந்தது.

“என்னா புள்ள வேணும்? எது புடிக்கும்னு சொல்லு.”

“எதுனாலும் சரிங்க,” என்றாள் மார்கிரட்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லும் ஒரே பதில் இதுதான். என்ன சேலை வாங்க? எதுனாலும் சரி. மகனுக்கு என்ன பெயர் வைக்க? எதுனாலும் சரி. இதை ஒரு நல்ல குணம் என்று பத்துப் பேரிடம் பீற்றிக்கொண்டு திரிந்தவர்தான் இக்னேசியஸ். இன்றைக்கு அந்தக் குணத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது.

ஆனாலும் அவரிடம் ஒரு பிடி இருந்தது. காலையிலேயே நடந்து போய் வாங்கி வந்த தொதல் இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்தார். மாதம் தவறாமல் முப்பத்திரண்டு வருஷமாக அவளுக்கென்று வாங்கி வருகிற தொதல். கறுப்பாக, எண்ணெய் மினுங்க இருந்தது. சின்னதாகக் கிள்ளி அவள் உதட்டருகே கொண்டுபோனார். மார்கிரட் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக வாயைத் திறந்தாள்.

மீனம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “வேணாம் அண்ணே. அக்கா ஒரு நாளும் அதத் தின்னது கெடையாது. நீங்க வாங்கியாந்த தொதலெல்லாம் எங்க வீட்டுப் புள்ளைங்கதான் தின்னுச்சுங்க.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி, தன் காம்பராவுக்குப் போய்விட்டாள்.

இக்னேசியஸ் தொதலைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாத ஒரு ஆம்பளை, அவள் சாகிற நாளில், கையில் எண்ணெய் ஒழுக உட்கார்ந்திருக்கிறான்.

அப்போதுதான் அவருக்கு அந்தக் குஸ்தி ஞாபகம் வந்தது.

முழங்கால் போய் மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல் ஆனபின் மார்கிரட் மூன்று வருஷம் அட்டன் பாதையிலிருந்த கன்னியர் மடத்துக் குசினியில் வேலை பார்த்தாள். அங்கே ஸ்பெயின் தேசத்திலிருந்து சிஸ்டர் பிலார் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். தமிழும் தெரியாது, இங்கிலீசும் அரைகுறை. காய்கறிக் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டார்கள். பிடிக்கும் என்றால் ‘மெ குஸ்தா’. பிடிக்காது என்றால் ‘நோ மெ குஸ்தா’. உனக்குப் பிடிக்குமா என்று கேட்க ‘தெ குஸ்தா?’

“குஸ்தியா? கன்னியர் மடத்துலயா?” என்று இக்னேசியஸ் கிண்டல் பண்ணினார்.

“சிரிக்காதீங்க. நம்ம பாஷ மாதிரியேதாங்க. ‘மெ’ன்னா எனக்கு. எனக்குப் புடிக்கும்னு நாம சொல்ற மாதிரியேதான் அவங்களும் சொல்றாங்க. மத்த சிஸ்டர்மாருக்கு இது மண்டையில ஏறவே மாட்டேங்குது. எனக்கு ஒரே நாள்ல வந்துருச்சு.”

அதன்பிறகு கொஞ்ச காலம் அவள் வாயில் அதே பாட்டு. மழையைப் பார்த்து நோ மெ குஸ்தா என்பாள். ஆட்டுக்குட்டியைப் பார்த்து மெ குஸ்தா என்பாள். இரண்டாம் பாடம் வருவதற்குள் சிஸ்டரை வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாம் முதல் பாடத்தோடு நின்றது.

“தமிழ்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்று ஒருமுறை கேட்டார்.

“தமிழ்ல சொன்னா சண்ட மாதிரி இருக்குங்க. அதுல சொன்னா பாடம் மாதிரி இருக்கு,” என்றாள். அவர் சிரித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

இக்னேசியஸ் தொண்டையைக் கனைத்தார். கதவுப் பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு தொதலைத் தூக்கிக் காட்டினார்.

“தெ குஸ்தா?”

மார்கிரட் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். உதட்டோரம் லேசாக இழுத்தது.

“நோ… நோ மெ குஸ்தா.”

முப்பத்திரண்டு வருஷத்துத் தொதல் ஒரே நொடியில் போயிற்று. ஆனால் அவருக்கு வலிக்கவில்லை. பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு ஜன்னலைக் காட்டினார். மூடியிருப்பது நோ மெ குஸ்தா. திறந்தார், குளிரும் பனிமூட்டமும் உள்ளே வந்தன. மெ குஸ்தா. ஆஸ்பத்திரிக் கம்பளி மெ குஸ்தா. சீனி போட்ட பால், கனவில்கூட நோ மெ குஸ்தா.

அவருக்கு ஆசை வந்துவிட்டது. சுவரில் மாலையோடு தொங்கிய தன் அம்மாவின் படத்தைக் காட்டினார். மார்கிரட் படத்தைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நோ மெ குஸ்தா.”

இக்னேசியஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள், சத்தமில்லாமல்.

கடைசியில் தட்டில் ஆறிக்கிடந்த ரொட்டியில் அந்த விளையாட்டு வந்து நின்றது. வெள்ளையான நடுப்பகுதியைப் பிட்டுக் காட்டினார். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டாள். கருகிய ஓரத்தை எடுத்தார், சும்மாதான்.

“மெ குஸ்தா,” என்றாள்.

நல்ல ரொட்டியெல்லாம் அவருக்கும் மகனுக்கும் வைத்துவிட்டு, கருகினதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வாளே! அதை நினைத்து அவர் எத்தனை நாள் மனசுக்குள் உருகியிருக்கிறார்! “அடிக் கள்ளி,” என்றார்.

எழுந்து போய்த் தானே மாவு பிசைந்தார். நெருப்பைக் கூட்டி, ரொட்டியை வேண்டுமென்றே கருகவிட்டார். புகையைப் பார்த்து மீனம்மா ஓடிவந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பாலும் சீனியும் இல்லாத வெறும் சாயத் தேத்தண்ணியில் தோய்த்த ஒரு விள்ளலை மார்கிரட் வாயில் வைத்தார். அவள் துப்பவில்லை. வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்து மெல்ல விழுங்கினாள்.

பிறகு, அவர் குடிப்பதற்கென்று மீனம்மா கொண்டுவந்து வைத்திருந்த டம்ளரை விரலால் காட்டினாள். மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. தன் பங்குச் சீனியையும் சேர்த்து அவருக்கென்று அவள் போடுகிற கணக்கு. படுக்கையில் விழுந்தபின் அதே கணக்கில் போட்டுக்கொடுக்க மீனம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

“தெ குஸ்தா?” என்றாள்.

அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “எனக்கா? எனக்கென்ன புள்ள,” என்றார். “எதுனாலும் சரி.”

மார்கிரட் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மணி வாக்கில், ஜன்னல் திறந்தபடியே இருக்க, மூச்சு அடங்கியது.

மறுநாள் அடக்கம். நுவரெலியாவிலிருந்து வந்த மகன் றோலண்ட், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் வாசலில் உட்கார்ந்து அழுதான். “நமக்காகக் கருகின ரொட்டியத் தின்னே காலத்தக் கழிச்சாங்கப்பா.”

“அவளுக்கு அது புடிக்கும்டா,” என்றார் இக்னேசியஸ்.

அப்பா தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து அவன் இன்னும் பெரிதாக அழுதான். அவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மீனம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். “அக்கா சொன்ன மாதிரியே மூணு கரண்டி போட்டிருக்கேன் அண்ணே.”

இக்னேசியஸ் டம்ளரை வாங்கினார். காலியான கட்டிலைப் பார்த்தார்.

“நோ மெ குஸ்தா,” என்றார்.

“என்னாங்கண்ணே?”

“சீனி வேணாம் தங்கச்சி. எனக்குப் புடிக்காது.”

மீனம்மா ஒன்றும் புரியாமல் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். அவள் வெறும் சாயம் ஊற்றிக்கொண்டு வரும்வரை, அவர் நேற்றைய ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் காத்திருந்தார்.