சீமாட்டி வேடம் றெஜினாவுக்கு

மக்டலீன் அந்த நாடகத்தைத் தனக்காகத்தான் எழுதினாள். புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மல்வேர்னிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு வருடம் புத்தகம் புத்தகமாக வாசித்து, ஜோர்ஜ் மன்னர் காலத்து லண்டனில் வாழும் அரபெல்லா என்ற சீமாட்டியை உருவாக்கியிருந்தாள். பிரபுவான கணவனையும் நாலு வயது மகளையும் விட்டுவிட்டுக் குதிரைப்படை அதிகாரி ஒருவனோடு போனவள். வழக்கு நடந்து, பத்திரிகைகள் நாறடித்து, அவளுடைய கேலிப்படம் கடை கடையாகத் தொங்கிய பிறகும் வைரமாலையோடு நாடகசாலையில் வந்து உட்கார்ந்தவள்.

நெறியாளர் நீக்கிலாஸ் அண்ணை அந்த வேடத்தை றெஜினாவுக்குக் கொடுத்துவிட்டார். மக்டலீனுக்குக் கிடைத்தது, பிரபுவின் தங்கையாகச் சீமாட்டியை வாசலில் மறிக்கும் மச்சாள் வேடம்.

றெஜினா போன வருடம் புருஷனை விட்டுவிட்டு யூனியன்வில்லில் தனியாகக் குடியேறியவள். பதினாறு வயது மகள் தகப்பனோடேயே நின்றுவிட்டாள். கோயிலடியில் இதைப் பேசாதவர்கள் இல்லை. அவளுக்கு வேடம் போடவே தேவையில்லை என்று மக்டலீனும் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் சிரித்தார்கள், இவளுடைய வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மாதக்கணக்கில் செதுக்கிய வசனங்களை றெஜினா ஒரு கிழமையில் பாடமாக்கினாள். அவள் கழுத்தை நிமிர்த்தி நடந்தால், கதிரை அடுக்க வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். எப்போதும் காருக்குள் காத்திருக்கும் மக்டலீனின் கணவர் மரியரட்ணம், குளிர் என்று சொல்லிக்கொண்டு ஒருநாள் ஒத்திகைக்குள் வந்தார். பிறகு வெயில் எறித்த நாட்களிலும் வந்தார்.

மேடையேறிய சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மகளைப் பார்க்க வந்த சீமாட்டியை மச்சாள் மறிக்கும் காட்சி. "இந்த வீட்டில் உனக்கு இனி எவரும் இல்லை" என்பதோடு மக்டலீன் கதவைச் சாத்த வேண்டும். அவள் சாத்தவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, யாரோடு நிற்பதென்று."

அது எந்தப் பிள்ளை என்று மண்டபத்துக்கே தெரியும். றெஜினா கையிலிருந்த விசிறியை மடித்தாள். நாடகத் தமிழை விட்டு வீட்டுத் தமிழில் மெல்லச் சொன்னாள்.

"ஓம். அவள் என்னோடை வரேல்லை. ஞாயிற்றுக்கிழமையிலை வாசல்லை போய் நிக்கிறன். சிலநாள் கதவு திறப்பாள். அதுக்காகத் திரும்பிப் போய் அந்த மனுசனோடை இருக்க ஏலுமே?"

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து கை தட்டினாள். பிறகு மண்டபமே எழுந்தது.

நாடகத்தையே தூக்கிவிட்ட இடம் அது, நாளைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று நீக்கிலாஸ் அண்ணை மக்டலீனின் கையைப் பிடித்துச் சொன்னார். உடை மாற்றும் அறையில் அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, றெஜினா கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை.

"நாளைக்கும் சொல்லுங்கோ அக்கா. ஆனா சனத்தைப் பாத்துச் சொல்லாதேங்கோ. என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

ஞாயிறு மாலை மக்டலீன் அந்த முகத்தைப் பார்த்தாள். நேற்றுச் சேர்த்த வசனம் வரவில்லை. எழுதியிருந்ததை மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கைதட்டல் அளவாகத்தான் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், நேற்றுத்தான் நல்லாக இருந்தது என்றார் மரியரட்ணம். ஓம் என்றாள் மக்டலீன். பட்ட அவமானத்தைக் கொண்டே ஒரு மண்டபத்தை எழுப்பி நிறுத்தியவளை நினைக்க, அவளுக்கு இன்னும் வயிறு எரிந்தது.