ஏறியவை, இறங்கியவை

இனாஸின் ஏட்டில் ஒரு நாளைக்கு இரண்டே எண்கள். கெய்ரோ பங்குச்சந்தை மதியம் இரண்டரைக்கு மூடியதும், எத்தனை பங்குகள் ஏறின, எத்தனை இறங்கின என்று எழுதிவைப்பாள். நாலாயிரம் செவிலியர்களின் ஓய்வு நிதி அவள் பொறுப்பில் இருந்தது. அவள் சறுக்கினால் அவர்களின் முதுமையும் சேர்ந்து சறுக்கும்.

அன்று சந்தைக் குறியீடு புதிய உச்சம். நிதியின் தலைவர் வக்தி பே இனிப்புப் பெட்டியோடு வந்தார். ஏட்டிலோ ஏறியவை நாற்பத்தொன்று, இறங்கியவை நூற்று இருபது. பதினோரு நாளாக இதே கதை.

“ஊரே சிரிக்குது, நீங்க மட்டும் ஏம்மா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க?”

“ரெண்டு பெரிய பேங்க்தான் சார் குறியீட்டைத் தூக்குது. மத்ததுல முக்காவாசி இறங்குது. தனிமரம் தோப்பாகுமா?”

அவள் பிடித்த பிடியில் பாதிப் பங்குகளை விற்றார்கள். குறியீடு மேலும் மூன்று வாரம் ஏறியது. “நம்ம உஸ்தாஸா இனாஸம்மா வித்தது இன்னிக்கு எவ்வளவு ஏறிச்சு?” என்று கேட்காமல் வக்தி பே காலைத் தேநீரைத் தொடுவதில்லை. பிறகு அந்த இரண்டு வங்கிகளும் சரிந்தன, சந்தையே சரிந்தது. நிதி தப்பித்தது. அதற்கு யாரும் இனிப்பு வாங்கி வரவில்லை. மனிதர்கள் அப்படித்தான்.

அக்டோபரில் எண்கள் புரண்டன. குறியீடு இன்னும் இறங்கிக்கொண்டே இருக்க, ஏறும் பங்குகள் கூடின. வாங்கு என்றது ஏடு. இனாஸுக்குக் கை வரவில்லை. சூடு கண்ட பூனை. நாளைக்குப் பார்ப்போம் என்று ஐந்து நாள் ஓட்டினாள். ஆறாம் நாள் எண்ணவே இல்லை. ஏட்டை இழுப்பறையில் போட்டு மூடினாள். தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

சற்று நேரத்தில் வக்தி பே வந்து, ஃபூல் என்ற பயறு மசியல் வைத்த ரொட்டி சுற்றி வந்த எண்ணெய்க் காகிதத்தை அவள் முன் விரித்தார். பென்சிலில் இரண்டு எண்கள். ஏறியவை நூற்றுப் பத்து, இறங்கியவை ஐம்பத்திரண்டு.

“ஆறு நாளா நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். அன்னிக்கு அந்தப் பேச்சு பேசினீங்க, இப்ப ஏன் வாயைத் திறக்கல?”

“பயமா இருக்கு சார்.”

“எனக்கு மட்டும் இல்லையா? அதனாலதானே எண்ணினேன்.”

இனாஸ் இழுப்பறையைத் திறந்தாள். அந்த இரண்டு எண்களையும் ஏட்டில் எழுதிவிட்டு, மறுநாள் காலை வாங்கச் சொல்லித் தரகருக்குப் போன் போட்டாள்.