ஜெபதாஸின் பஸ் புத்தகம் அச்சுக்குப் போன சனிக்கிழமை

"இன்னாம்மா இது, பக்கம் பூரா பூரான் ஊர்ன மாதிரி கீது?"

குன்றத்தூர் அச்சகத்திலிருந்து முனிரத்தினம் போனில் கேட்டபோது, வெள்ளிக்கிழமை சாயங்காலம். பென்னலூர் வீட்டில் அருள்மேரி கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் அனுப்பிய பிடிஎஃப் திரும்பி வருவது இது மூன்றாவது முறை.

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது சார்?"

"உங்க வூட்ல தெரிஞ்சா எனக்கு இன்னா பிரயோஜனம்? என் மிஷினைத் தூக்கிகினு உங்க வூட்டுக்கு வர்றதா? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சரியா அனுப்புங்க, திங்கட்கிழமை ஏத்திடறேன். இல்லாங்காட்டி கல்யாணப் பத்திரிகை வரிசை கட்டி நிக்குது. பதினஞ்சு நாள் ஆவும்."

பதினைந்து நாள் அவளிடம் இல்லை. அடுத்த வாரம் ஞாயிறு, அவள் கணவர் ஜெபதாஸுக்கு முதலாம் ஆண்டு நினைவு ஜெபம்.

பத்தொன்பது வருஷம் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டியவர் அவர். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஏறி முடிக்கும்வரை ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து, ஏறுகிறவர்களைப் பற்றி எழுதுவார். வீட்டுக்கு வந்ததும் ஒற்றை விரலால் அதைக் கம்ப்யூட்டரில் தட்டுவார். தொண்ணூற்றாறு பக்கம் சேர்ந்தது. புத்தகமாகப் போடணும் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனுஷன், ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடித்தபடி பஸ்ஸைப் பத்திரமாக ஓரங்கட்டினார். எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

அன்றைக்கு இறங்கியவர்களும் மற்ற டிரைவர்களும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அப்படி அத்தனை பேரும் ஒன்றாகக் கூடுவது இனி நடக்காது. அவர்கள் கையில் புத்தகம் இருந்தாக வேண்டும்.

"விடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன் டெனிசன். "போட்டோவும் ஒரு வசனமும் போட்டு கார்டு அடிச்சிடலாம். அண்ணன் இன்னா பெரிய எழுத்தாளரா?"

"நீ ஒரு பக்கமாவது படிச்சிருக்கியா?"

"எங்க அண்ணி, டைமு..."

"அப்போ பேசாத."

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்தவள், பிடிஎஃப்பைத் திறந்து இன்னொரு தரம் பார்த்தாள். எழுத்துகள் முத்து முத்தாக நின்றன. அப்போதுதான் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பதினோரு வருஷமாகக் கம்பெனியில் அவள் பார்ப்பது தரப் பரிசோதனை. பாகத்தைச் செய்த அச்சிலேயே வைத்துப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்லும் புதுப் பெண்களை எத்தனை தரம் திட்டியிருக்கிறாள்! செய்த அச்சில் அது பொருந்தத்தானே செய்யும்? வேறு மேசைக்குக் கொண்டுபோய் அளந்தால்தான் வண்டவாளம் தெரியும். மூன்று நாளாக அவளும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

ஒரே ஒரு பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அவளோடு லைனில் வேலை பார்க்கும் ஷெர்லினுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அக்கா, மாமா அந்நிய பாஷையில எழுதிட்டாரா?"

"கிண்டல் பண்ணாத. நான் அனுப்ப அனுப்ப, தமிழா தெரியுதா இல்லியான்னு மட்டும் சொல்லு."

"இன்ஸ்பெக்ஷனா? எனக்கு ஓவர்டைம் உண்டா?"

"பிரியாணி உண்டு."

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். லைனில் கோளாறு பிடிக்கும் முறை அது. வேறு விதமாகச் சேமித்தாள், தமிழ் இல்லை. தாளின் அளவை மாற்றினாள், இல்லை. பதினோரு மணிக்குப் பிடிஎஃப்பின் விவரப் பெட்டியைத் திறந்தாள். அதில் எழுத்துருக்களின் பட்டியல் இருந்தது. ஆங்கில எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் 'உள்ளே சேர்க்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. ஜெபதாஸ் தட்டிய பழைய தமிழ் எழுத்துருவுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

ஆக, எழுத்துரு ஃபைலோடு ஊருக்குப் போகவே இல்லை. இந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது.

ஏன்? பிடிஎஃப் ஆக்கும் இடத்தின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தரம் என்ற இடத்தில் 'மிகச் சிறிய அளவு' என்று இருந்தது. ஜெபதாஸ் வைத்துவிட்டுப் போனது. சபையின் மாத இதழுக்கு எழுதி அனுப்பும்போது ஃபைல் கனமாக இருக்கிறது என்று அங்கே குறை சொன்னார்கள். சபைக் கம்ப்யூட்டரில் அதே எழுத்துருவை அவரே ஏற்றியிருந்ததால், இப்படி இளைத்துப்போன ஃபைலும் அங்கே ஒழுங்காகத் திறந்துகொண்டது.

"நல்ல ஆளுய்யா நீ," என்றாள் வெறும் அறையைப் பார்த்து. கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அமைப்பை 'அச்சுத் தரம்' என்று மாற்றி, அதே பக்கத்தை அனுப்பினாள்.

ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ஷெர்லின் கூப்பிட்டாள்.

"இன்னாடி, தமிழா?"

"படிச்சிக்கினு இருந்தேன்கா. அந்த லன்ச் பாக்ஸை மறந்துட்டு ஓடிப்போற பையன்... அடுத்த பக்கம் எங்க?"

அருள்மேரி எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

தொண்ணூற்றாறு பக்கத்தையும் சேர்த்து ஆக்கியபோது மணி மூன்று. முந்திய மூன்று தடவை போல உடனே அனுப்பிவிடவில்லை. முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். நல்லவேளை! அமைப்பை மாற்றியதில் தாளின் அளவு ஏ4க்குத் தாவி, நடுவில் சின்னதாகவும் சுற்றிலும் வெள்ளையாகவும் கிடந்தது ஒவ்வொரு பக்கமும். புத்தக அளவைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஆக்கி, மறுபடி எல்லாப் பக்கத்தையும் பார்த்து, நாலே முக்காலுக்கு அனுப்பினாள்.

ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது முனிரத்தினம் கூப்பிட்டார்.

"யாரும்மா சரி பண்ணது? கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்தீங்களா?"

"நான்தான் சார்."

"அட!" என்றார். "திங்கட்கிழமை காத்தால வந்து முதல் தாளைப் பார்த்துக் கையெழுத்து போட்டுடுங்க. அப்பால நான் நிறுத்த மாட்டேன்."

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். டெனிசன்தான் பைக்கில் கூட்டிப்போனான். மை ஈரம் காயாத தாளை முனிரத்தினம் மேசையில் விரித்தார். அவள் குனிந்து வரிவரியாகப் பார்த்தாள். பின்னால் டெனிசனும் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் தலையை எடுக்கவில்லை. உதடு அசைந்தது.

"தள்ளு டெனிசன், வெளிச்சத்தை மறைக்கிற."

"இருங்க அண்ணி, இந்தப் பத்தி முடிக்கட்டும்."

அவள் பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் 'சரி' என்று எழுதி, கீழே அருள்மேரி ஜெபதாஸ் என்று முழுப் பெயரையும் போட்டாள். முனிரத்தினம் பொத்தானை அமுக்கினார். மிஷின் ஓட ஆரம்பித்தது.