அடுப்படிக்கு எட்டாத சிக்னல்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், தென்காசியில் விஜயசங்கர் வீட்டுக்கு விருந்தாள் வராத வாரம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை மகன் சங்கரபாண்டி, ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த ஈரத்தலையோடு ஹாலில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், அருவியில தண்ணி விழுற வேகத்துல கால்வாசி கூட உங்க வீட்டு நெட்டுக்கு இல்லையே" என்றான்.

தட்டில் தோசையை வைத்துக்கொண்டே விஜயசங்கரின் மனைவி ஸ்ரீவித்யா, "நானும் ரெண்டு மாசமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அவள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. சங்கரபாண்டி சொன்னது மட்டும் விஜயசங்கருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் வேளாண்மை அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியிலேயே புது வைஃபை ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போய்விட்டான்.

கடைக்காரர் சுடலைராஜ், ஊரில் பாதி வீடுகளுக்கு நெட் கேபிள் இழுத்தவர். "இருக்கதுலயே ஆன்டெனா நெறைய உள்ளதா குடுங்க" என்றான் விஜயசங்கர்.

"ஆன்டெனாவை எண்ணி வாங்கக் கூடாது சார். வீடு எப்படி, நெட்டை வச்சு வேலை பாக்கது யாரு, எந்த ரூம்ல உக்காந்து பாக்காங்க, அதைச் சொல்லுங்க."

"வேலையா? அப்பா யூடியூப்புல கச்சேரி கேப்பாவ. நான் கிரிக்கெட் பாப்பேன். விருந்தாள் வந்தா போன் பாப்பாங்க. அவ்வளவுதான்."

ஸ்ரீவித்யாவின் நினைப்பே அவனுக்கு வரவில்லை. மூன்று வருடமாக அவள் வீட்டிலிருந்தபடியே மெடிக்கல் கோடிங் வேலை பார்த்துவந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் பதிகிற வேலை. தினம் எட்டு மணி நேரம். வீட்டில் அதற்கு 'வித்யா கம்ப்யூட்டர் பாக்கா' என்று பெயர்.

ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டரோடு சுடலைராஜே மாட்ட வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "பழைய சுவரு, ஒன்றரை அடி கனம் இருக்கும். ரெண்டு சுவரு தாண்டுனா சிக்னல் செத்துரும். நடு ரூம்ல வச்சா முன்னாலயும் பின்னாலயும் கிடைக்கும்."

விஜயசங்கரின் அப்பா சிவசைலம் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்கன பூசை அலமாரி இருக்கு. அதைத் தொடாதீங்க. டிவிக்கு மேல ஹால்லயே மாட்டுங்க. நாலு பேரு வந்தா பாக்கட்டும்."

ஹாலிலேயே மாட்டியாயிற்று. "ஸ்டிக்கர்ல உள்ள பாஸ்வேர்டை மறக்காம மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுச் சுடலைராஜ் போனார். அடுத்து வந்த விருந்தாட்கள் நெட்டின் வேகத்தை மெச்சினார்கள். விஜயசங்கருக்கு மனம் நிறைந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சுடலைராஜை மறுபடி வரச் சொன்னான். மாடியில் தங்கிய விருந்தாட்களுக்கு நெட் கிடைக்கவில்லையாம். அவர் கையில் போனை வைத்துக்கொண்டு அறை அறையாகச் சிக்னலைப் பார்த்தபடி நடந்தார். விஜயசங்கரும் கூடவே போனான். நடு அறையில் குறைந்தது. அடுப்படியில் ஒரே ஒரு கோடு நின்றது. அதை ஒட்டிய சாமான் அறையில் அதுவும் போய்விட்டது. அங்கேதான் ஸ்ரீவித்யாவின் மேஜை இருந்தது. நோயாளிக் குறிப்புகளை வேறு யாரும் பார்க்கக் கூடாது, கதவு அடைத்த அறையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் கம்பெனியின் விதி. மேஜையில் தூசி படிந்திருந்தது.

ஸ்ரீவித்யா அதற்கும் பின்னால், கொல்லைக்குப் போகிற நடையில் நின்றுகொண்டிருந்தாள். வாஷிங் மெஷின் மேல் லேப்டாப். கம்பிக் கதவு வழியாக அடித்த சாரல் அதன் மேல் படாமலிருக்கக் கதவில் ஒரு குடையைக் கட்டியிருந்தாள். அவளுடைய இடது தோள் நனைந்திருந்தது.

"இங்கன எதுக்கு நிக்கே?" என்றான் விஜயசங்கர்.

"இங்கன நின்னாத்தான் போன் டவர் கிடைக்கும். போன்ல இருந்து லேப்டாப்புக்கு நெட் எடுத்துக்கிடுதேன்."

"புது ரவுட்டர் வந்த பெறவுமா?"

"முன்னாலயும் இப்படித்தான். பெறவும் இப்படித்தான்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வியாழக்கிழமை டீம் லீடர் வேலைக்கு வீடியோவுல இன்டர்வியூ நடந்துச்சு. மூணு தடவை லைன் கட்டாச்சு. வேற ஆளுக்குக் குடுத்துட்டாவ."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன். ஒரு மணி நேரம் ஹாலை எனக்கு விட்டுத் தாங்கன்னு கேட்டேன். விருந்தாள் இருக்கையில எப்படின்னு நீங்கதான் சொன்னீய."

சொன்னது உண்மைதான். சொல்லிவிட்டு அவன் கிரிக்கெட் பார்த்ததும் உண்மை. சுடலைராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். விஜயசங்கருக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று வருடத்தில் தன் மனைவி வேலை பார்ப்பதை அவன் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கே அவன் பூசை அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்தைச் சுடலைராஜ் பிடித்தார். சிவசைலம் முணுமுணுத்தார். "சாமி ஒரு முழம் தள்ளி இருந்தா கோவிச்சுக்கிடாதுப்பா" என்றான் விஜயசங்கர். ரவுட்டர் நடு அறைச் சுவருக்கு வந்தது. அதிலிருந்து சுவரோரமாகக் கேபிள் இழுத்துச் சாமான் அறை மேஜையில் ஸ்ரீவித்யாவின் லேப்டாப்பில் சொருகினார் சுடலைராஜ். "இனிமே சுவரு எம்புட்டுக் கனமா இருந்தாலும் கவலை இல்லம்மா" என்றார். விஜயசங்கர் மேஜையைத் துடைத்தான். ஸ்ரீவித்யா உட்கார்ந்து ஒரு கோப்பைத் திறந்தாள். உடனே திறந்தது. அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. கையை விட்டுப் போன பதவி போனதுதான்.

புதன்கிழமை காலையில் சிவகிரியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். மறுநாள் எட்டுப் பேர் குளிக்க வருகிறார்களாம், மத்தியானச் சாப்பாடு இங்கேதானாம்.

"ஞாயித்துக்கிழமை வாங்க சித்தப்பா. நாளைக்கு வித்யாவுக்கு ஆபீஸ் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தான் விஜயசங்கர்.

சிவசைலம் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுலயே இருக்கவளுக்கு என்னடே ஆபீஸ்?"

"இம்புட்டு நாளா நானும் அப்படித்தான்ப்பா நினைச்சேன். செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போனாத்தான் வேலையா? வீட்டுக்குள்ள இருந்து பொம்பளை பாத்தாலும் அது வேலைதான். அதுக்கு இடமும் நேரமும் விட்டுக் குடுக்கது நாம அவளுக்குச் செய்யுத உபகாரம் இல்ல. நாம அதை மதிக்காததுக்கு நஷ்டப்பட்டது அவதான்."