பஸ் நின்றால் முதலில் இறங்கு

என் தங்கை மஸீனா சூடானில், கார்ட்டூம் நகரத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றாள். 2023 நோன்பு மாதத்தின் கடைசியில் அந்த ஊரில் இரண்டு பட்டாளங்கள் ஒன்றையொன்று சுடத் தொடங்கின. பெருநாள் முடிந்த கையோடு வீட்டுக்காரர்கள் காரில் ஏறி எகிப்துப் பக்கம் போய்விட்டார்கள். காரில் இவளுக்கு இடமில்லையாம். வீட்டுச் சாவியை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அந்த மாதம் பிடித்த நோன்பெல்லாம் வீணாகிவிடும்.

செங்கடல் ஓரத்தில் போர்ட் சூடான் என்றொரு துறைமுகம். அங்கே போய்ச் சேர்ந்தால் ஜித்தாவுக்குக் கப்பல் உண்டு, நம் ஸ்ரீலங்காக்காரர்களையும் ஏற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தரைவழி. பஸ்ஸில்தான் போக வேண்டும். பாதை நெடுகத் துப்பாக்கியோடு துவக்குக்காரர்கள் நிற்கிறார்கள் என்றாள் மஸீனா.

இந்த இடத்தில்தான் அவளுடைய நானா, அதாவது அண்ணன், நான் மூக்கை நுழைத்தேன். என் பெயர் அப்துல் ஸமத். இப்போது மாத்தளை மந்தண்டாவளையில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் லொறி ஓட்டினேன். மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளை, வவுனியா, பாதை திறந்திருந்த காலத்தில் யாழ்ப்பாணம் வரைக்கும் போயிருக்கிறேன். யுத்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒரு மூட்டை விடாமல் இறக்கிக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, மறுபடி ஏற்று என்பார்கள். யுத்தத்தில் பாதை கடப்பது பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். என் மனைவி ஸஜீதா இதை ‘ஸமத் ஹாஜியார் பல்கலைக்கழகம்’ என்பாள். நான் ஹஜ்ஜுக்கும் போனதில்லை, பல்கலைக்கழகத்துக்கும் போனதில்லை.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் சூடான் பாதையை வரைந்தேன். ஊர்ப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. அதனால் என் பாதையையே அதன் மேல் போட்டுக்கொண்டேன். கார்ட்டூம் மாத்தளை. மதனி தம்புள்ளை. கதாரிஃப் வவுனியா. கஸ்ஸலா கிளிநொச்சி. போர்ட் சூடான் யாழ்ப்பாணம். இப்படிப் போட்டதும் எனக்கு அந்த நாடே பழகிப்போனது போல இருந்தது. தார் ரோடா, மண் ரோடா, பாலம் எத்தனை, வழியில் என்ன மரம், பஸ் எந்த நாட்டு பஸ் என்று போனில் மஸீனாவைக் குடைந்தெடுத்தேன்.

“நானா, நான் இந்த வீட்டுக் கேட்டத் தாண்டினதே நாலஞ்சு தரந்தான். எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள்.

“சரி, நான் சொல்றதக் கேளு. பஸ்ஸ நிப்பாட்டினா முதல்ல நீ எறங்கு. உள்ள குந்திட்டு இருக்கிற ஆளத்தான் சந்தேகப்படுவானுகள். பாஸ்போட்ட வலது கைல, நெஞ்சுக்கு நேரா புடி. மெதுவா நட. போனக் கைல வெச்சிக்காத, உடுப்புக்குள்ள வெய்.”

“எல்லாரும் எறங்குவாங்களா?”

“எறங்காம? எல்லா எடத்திலயும் ஒரே சட்டந்தான்.”

ஸஜீதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “அது வேற நாடுங்க,” என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ் புறப்பட்டபோது நமக்குக் காலை ஒன்பதரை. வரிசையாகக் குரல் செய்திகள் வந்தன. பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஒருவர் இருக்கிறார். ரோடு தார்தான், மலை ஒன்றுகூட இல்லை, வானம் தரையைத் தொடுகிறது. வாழ்நாளெல்லாம் மலைக்கு நடுவே வளர்ந்த எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கலண்டரைக் காட்டி, தங்கச்சி இப்போது தம்புள்ளைக்கு முன்னால் வரும் நாவுலையைத் தாண்டிவிட்டாள் என்று விளக்கம் சொன்னேன். பதினொன்றேகாலுக்கு, “நானா, பஸ் நிக்கிது” என்று ஒரு செய்தி. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பகல் லுஹர் தொழுகை நேரம் போனது. கலண்டரில் தம்புள்ளை என்று எழுதியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் இருப்பது தம்புள்ளை இல்லை என்பது அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பயம் வந்தது. லொறியில் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஸ்டியரிங் என் கையில் இருந்தது.

நாலு மணிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ஸஜீதா ஓடி வந்து போனைச் சத்தமாக வைத்தாள்.

“நானா, நீங்க சொன்ன மாதிரி பஸ் நிண்டதும் முதல்ல நான் எறங்கினேன். வேற ஒருத்தரும் எறங்கல்ல. இங்க அவனுகள்தான் உள்ள ஏறிப் பாக்கிறது. வெளிய நிண்ட ஒருத்தன் துவக்க என் பக்கம் திருப்பிட்டான். நான் பாஸ்போட்ட நீட்டி, ஸ்ரீலங்கா, ஸ்ரீலங்காண்டு சொல்லிட்டு நிண்டேன். அதுக்குள்ள ஏறினவனுகள் எறங்கி, பஸ்ஸப் போகச் சொல்லிட்டானுகள். டிரைவர் பின்னால பாக்கவேயில்ல. பையும் பஸ்ஸோட போச்சு.”

ஸஜீதா என்னைப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுற பல்லி,” என்று தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டாள்.

செய்தி முடியவில்லை. துவக்குக்காரன் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். மரத்தடியில் தேநீர் விற்கும் ஒரு பெண் இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாளாம். “நம்மட கறுவாப்பட்டை, கராம்பு எல்லாம் போட்டுத்தான் தேத்தண்ணி ஊத்துறா, நானா. வாசத்துக்கு அழுகை வந்திட்டு.” அந்தப் பெண் கைகாட்டி ஒரு லொறியை நிறுத்தியிருக்கிறாள். வெங்காயம் இறக்கிவிட்டுக் கஸ்ஸலாவுக்குத் திரும்புகிற வெறும் லொறி. டிரைவரின் மனைவியும் குழந்தையும் முன்னால் இருக்கிறார்கள். மஸீனா அவர்களோடு நெருங்கி உட்கார்ந்திருக்கிறாள்.

லொறிக்கு எத்தனை சில்லு, ஆறு டயரா பத்து டயரா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

ஐந்தரைக்கு நேராகவே அழைப்பு வந்தது. அவள் குரல் அடங்கியிருந்தது. “நானா, முன்னுக்கு இன்னொரு செக்பொயின்ட் தெரியுது. பிக்அப்பில பெரிய துவக்குப் பூட்டி வெச்சிருக்கானுகள். எறங்கவா, இரிக்கவா? கெதியாச் சொல்லுங்க.”

வெறும் லொறியை அதிகம் கிளற மாட்டார்கள், டிரைவர் மட்டும் இறங்கினால் போதும் என்று என் வாய்க்குள் பதில் தயாராக வந்து நின்றது. அது ஓமந்தைக்கான பதில். என் தங்கையின் உயிர் ஓமந்தையில் இல்லை.

“எனக்குத் தெரியா, தங்கச்சி,” என்றேன்.

“என்ன?”

“எனக்கு ஒண்டும் தெரியா. பக்கத்துல இருக்கிற பொம்புளையப் பாரு. அவ செய்றதச் செய்.”

தொடர்பு அறுந்தது. ஸஜீதா உள்ளே போய்த் தொழுகைப் பாயை விரித்தாள். நான் கலண்டரைக் கழற்றி, நான் எழுதிய ஊர்ப் பெயர்களையெல்லாம் பேனாவால் அழித்தேன். கோடு மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் நாள் பகல், போர்ட் சூடானில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மஸீனா பேசினாள். பெயரைப் பதிந்துவிட்டார்கள், மறுநாள் கப்பல் என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை முந்திக்கொண்டது. நான் சொல்லிக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“அத விடுங்க நானா. முத நாள் துவக்க என் பக்கம் திருப்பினானே, அப்பகூட நான் அவ்வளவு பயப்படல்ல. நானா சொன்ன மாதிரித்தானே செய்றேன்ண்டு நிண்டேன். நீங்க தெரியாண்டு சொன்ன நேரந்தான் உண்மையாப் பயந்தேன். சின்ன வயசில இருந்து உங்கட வாயால அந்தச் சொல்ல நான் கேட்டதேயில்ல.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அதுக்குப் பொறகுதான் தலைய நிமித்தி அந்த ரோட்டப் பாத்தேன். அது வரைக்கும் உங்கட ரோட்டுலதான் போய்ட்டு இருந்தேன்.”

“என்னத்தப் பாத்த நீ?” என்று கேட்டேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். லொறி டிரைவரின் மனைவி தன் குழந்தையை எப்படி இவள் மடியில் தூக்கி வைத்தாள் என்பதிலிருந்து தொடங்கினாள். நான் ஓர் இடத்திலும் குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸஜீதா குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, லைன் கட்டாகிட்டா?” என்று கேட்டாள்.